லேப்டாப்பை மாத்தாதீங்க, உள்ளே இருக்கறதை மாத்துங்க

போன அக்டோபரில் என் லேப்டாப் திரை முழுக்க ஒரு அறிவிப்பு வந்து நின்றது. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிகிறது, விண்டோஸ் 11-க்கு மாறுங்கள் என்று. சரி, மாறலாம் என்று சோதித்துப் பார்த்தால் அடுத்த செய்தி: உங்கள் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-க்குத் தகுதியானது இல்லை.

ஏன் தகுதி இல்லை? இன்டெல் என்றால் 8-வது தலைமுறை பிராசஸராவது வேணுமாம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேணுமாம். என்னுடையது 6-வது தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம். முதல் வருஷம் சேர்ந்தப்போ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கீபோர்டு நல்லா இருக்கு, திரை நல்லா இருக்கு, எஸ்எஸ்டி போட்டதில் இருந்து வேகமும் குறையில்லை. ஒரு ஸ்க்ரூ கூட கழலலை. ஆனா காகிதத்தில் அது செத்துப்போச்சு.

எங்க வீடு செவிலிமேட்டில். அப்பா தறி நெய்கிறவர். ஒரு முகூர்த்தப் புடவை தறியை விட்டு இறங்க பத்துப் பதினைந்து நாள் ஆகும். புது லேப்டாப் நாற்பதாயிரம் என்றால் எத்தனை புடவை என்று எனக்குள் கணக்கு தானாக ஓடியது. கணக்கை முடிக்காமலேயே நிறுத்திட்டேன். வீட்டில் கேட்கவும் இல்லை.

அந்த வாரமே லினக்ஸ் மின்ட் போட்டேன். எட்டு மாசம் ஆச்சு. இந்தக் கட்டுரையை டைப் பண்ணுவதும் அதே 6-வது தலைமுறை லேப்டாப்தான்.

"லினக்ஸ் சூப்பர், விண்டோஸ் வேஸ்ட்" என்று கத்தப் போவதில்லை. அந்தச் சண்டை ஹாஸ்டலில் தினமும் நடக்குது, அதில் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. நான் சொல்ல வர்றது ரெண்டு விஷயம். ஒன்று, நம்மில் பெரும்பாலானவர்கள் லினக்ஸை முதன்மை ஓஎஸ்-ஆக வைத்துக்கொண்டு டிகிரியை முடிக்கலாம், அதனால் கஷ்டத்தை விட லாபம் அதிகம். ரெண்டு, இதைத் தனியாளாக முயன்றால் பாதிப்பேர் தோற்போம். கூட நாலு பேர் இருந்தால் தோற்க மாட்டோம். இந்த ரெண்டாவது விஷயத்துக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய சாட்சி இருக்கு.

லட்சக்கணக்கான லேப்டாப், ஆனா யார் பார்த்தது?

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு. நம்மில் பலருடைய அண்ணனோ அக்காவோ அதை வாங்கியிருப்பாங்க. பீரோ மேல இன்னும் ஒன்று தூங்கிக்கிட்டு இருக்கும், போய்ப் பாருங்க.

அந்த லேப்டாப்பை ஆன் பண்ணினால் ரெண்டு ஓஎஸ் காட்டும். ஒன்று விண்டோஸ், இன்னொன்று பாஸ் லினக்ஸ். பாஸ் என்றால் பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். டெபியனை அடிப்படையாக வைத்து, சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கியது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் வேலை செய்யணும் என்பதே அதன் நோக்கம். அதாவது நம்ம சென்னையில் செய்த ஓஎஸ், நம்ம மாநிலத்துப் பிள்ளைகள் கைக்கு, காசே இல்லாமல் போய்ச் சேர்ந்தது. உலகத்தில் லினக்ஸுக்கு இவ்வளவு நல்ல வாய்ப்பு கிடைத்த இடங்கள் ரொம்பக் குறைவு.

அதுக்கும் முன்னாடியே 2006-07 வாக்கில், சி. உமாசங்கர் ஐஏஎஸ் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்தப்போ, அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றினார். அரசு அலுவலகங்களும் பள்ளிகளும் அந்த வழியில் போகணும் என்று வெளிப்படையாகவே முயற்சி பண்ணினார். ஆக, நம்ம மாநிலம் இந்த விஷயத்தில் தூங்கிக்கிட்டு இருந்தது என்று சொல்ல முடியாது.

ஆனா என்ன ஆச்சு? எங்க தெருவில் அந்த லேப்டாப் வாங்கினவங்ககிட்ட கேட்டேன். "அந்த நீலக் கலர் மெனுல கீழ ஒண்ணு இருக்குமே, அதுவா? அதுல படம் ஓடாதுன்னு சொன்னாங்க, அழிச்சிட்டோம்" என்றார் ஒரு அண்ணன். இன்னொரு அக்காவுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. கம்ப்யூட்டர் கடைக்கு ஃபார்மட் பண்ணக் கொடுத்தால், கடைக்காரர் முதலில் அழிச்சது அதைத்தான்.

அவங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. யாரும் கற்றுத்தரலை. பாடப்புத்தகத்தில் அதுக்கு வேலை இல்லை. கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. பக்கத்திலேயே பழகின விண்டோஸ் இருக்கும்போது, தெரியாத கதவை யார் திறப்பாங்க?

இப்போ எல்லையைத் தாண்டி கேரளாவைப் பாருங்க. 2001-ல் அங்கே ஐடி அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியது. சில வருஷங்களில் அரசுப் பள்ளிகளின் கம்ப்யூட்டர் பாடம் முழுக்க லினக்ஸுக்கு வந்துவிட்டது. 2017-ல் அந்தத் திட்டமே கைட் என்ற அரசு நிறுவனமாக மாறியது. அங்கே பள்ளிக்கூடத்துக்கு என்றே தயாரித்த லினக்ஸ் பதிப்பு இருக்கு. பாடப்புத்தகம் அதை வைத்துத்தான் எழுதப்படுகிறது. பத்தாம் வகுப்பு ஐடி செய்முறைத் தேர்வும் அதில்தான். எல்லாவற்றுக்கும் முன்னாடி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க.

இங்கே சிடியைக் கொடுத்தோம், அங்கே ஆளைத் தயார் பண்ணினாங்க. என் கணக்கில் வித்தியாசம் இவ்வளவுதான். லினக்ஸ் இலவசம் என்பதால் மட்டும் யாரும் மாற மாட்டாங்க. மாட்டிக்கிட்டு முழிக்கும்போது பக்கத்தில் ஒருத்தர் இருந்தால்தான் மாறுவாங்க. எனக்கு அப்படி ஒரு சீனியர் அண்ணா இருந்தார். அவர் இல்லைன்னா மூணாவது நாளே திரும்ப ஓடியிருப்பேன்.

முதல் வாரம்: உண்மையைச் சொல்றேன்

லினக்ஸ் பற்றி எழுதுபவர்கள் செய்யும் தப்பு, முதல் வாரக் கஷ்டத்தை மறைப்பது. படிக்கிறவன் நம்பிப் போடுவான், ஏதாவது ஒன்று ஓடாது, "எல்லாம் பொய்" என்று முடிவு பண்ணிடுவான். அதனால் என் முதல் வாரத்தை அப்படியே சொல்றேன்.

முதல் நாள்: இன்ஸ்டால் இருபது நிமிஷத்தில் முடிஞ்சுது. உற்சாகமாகத் திறந்தால் வைஃபை ஐகானே இல்லை. அந்த வைஃபை சிப்புக்கான டிரைவர் தனியாகப் போடணும். டிரைவரை இறக்க இன்டர்நெட் வேணும், இன்டர்நெட்டுக்கு டிரைவர் வேணும். ஒரு மணி நேரம் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். அண்ணாவுக்குப் போன் பண்ணினால் சிரிச்சுக்கிட்டே சொன்னார், "போனை யூஎஸ்பி கேபிள்ல மாட்டி டெதரிங் ஆன் பண்ணுடா." பண்ணினேன். மின்ட்டில் டிரைவர் மேனேஜர் என்று ஒன்று இருக்கு, அதைத் திறந்ததும் அதுவே கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டது.

மூன்றாம் நாள்: மினி ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை லிப்ரே ஆபீஸில் திறந்தேன். டேபிள் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் ஓடியிருந்தது. டீமில் மற்ற மூணு பேரும் எம்எஸ் வேர்டு. ரெண்டு விஷயம் கற்றுக்கொண்டேன். ஒன்று, மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்களை மின்ட்டில் தனியாக நிறுவிக்கொள்ளலாம். டைம்ஸ் நியூ ரோமன் வந்ததுமே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ரெண்டு, கடைசியாகக் கொடுக்கும் கோப்பை எப்பவும் பிடிஎஃப்-ஆகக் கொடுக்கணும். ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் அதுதான் நிம்மதி.

ஐந்தாம் நாள்: இதுதான் பெரிய அடி. ஒரு கம்பெனியின் ஆன்லைன் பயிற்சித் தேர்வு. ஆரம்பிக்க ஒரு மணி நேரம் இருக்கும்போதுதான் கவனிச்சேன், அவங்க கொடுத்த கண்காணிப்பு பிரவுசர் விண்டோஸிலும் மேக்கிலும் மட்டும்தான் ஓடும். மழையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெரிய காஞ்சிபுரத்தில் இருக்கிற நண்பன் வீட்டுக்கு ஓடினேன். இருபது நிமிஷம் லேட். பயிற்சித் தேர்வு என்பதால் தப்பிச்சேன், நிஜத் தேர்வாக இருந்திருந்தால்? தப்பு என்னுடையது. மெயிலில் ஒரு வாரம் முன்னாடியே தேவைகள் எல்லாம் போட்டிருந்தாங்க, நான் படிக்கலை.

அதனால்தான் "முதன்மை ஓஎஸ்" என்று சொல்றேன், "ஒரே ஓஎஸ்" என்று சொல்லலை. தேர்வு இருக்கும் நாளில் லேப் மெஷினோ நண்பன் மெஷினோ முன்கூட்டியே பேசி வைச்சுக்கணும். இடம் இருந்தால் விண்டோஸை ஒரு ஓரமாக விட்டு வைக்கலாம்.

முதல் வாரத்துக்கு அப்புறம்? சொல்ல ஒன்றும் இல்லை. அதுவே பெரிய செய்தி. காலையில் திறக்கிறேன், வேலை செய்யுது, மூடுறேன். முன்னாடி நாலு டேப் திறந்தாலே ஃபேன் கத்தும், இப்போ அமைதியா இருக்கு. லேப்பில் உட்கார்ந்து பத்து நிமிஷம் வேலை செய்யும்போது "அப்டேட் ஆகிறது, அணைக்காதீர்கள்" என்ற திரை வருவதில்லை. அப்டேட் நான் சொன்னால்தான் நடக்குது.

எந்தத் துறைக்கு ஓடும், எதுக்கு ஓடாது

இந்த இடத்தில் நேர்மையாக இல்லைன்னா மத்ததெல்லாம் வீண்.

சிஎஸ்இ, ஐடி மக்களே, உங்களுக்கு யோசிக்கவே வேண்டாம். சி, பைத்தான், ஜாவா, கிட், டாக்கர், டேட்டாபேஸ் எல்லாமே பிறந்த வீட்டுக்கு வந்த மாதிரி ஓடும். நீங்க எழுதும் கோடு கடைசியில் போய் ஓடப்போகும் சர்வரும் பெரும்பாலும் லினக்ஸ்தான். 2017 நவம்பரில் இருந்து உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் லினக்ஸில் ஓடுது. உங்க பாக்கெட்டில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் கெர்னலும் அதுவே.

ஈசிஇ (என் துறை): ஆர்டுயினோ ஓடும். சர்க்யூட் போர்டு வரைய கைகேட் அருமை. மேட்லேப், விவாடோ ரெண்டுக்கும் லினக்ஸ் பதிப்பு இருக்கு. மேட்லேப் லைசென்ஸ் இல்லைன்னா சைலேப் அல்லது ஆக்டேவ். ஐஐடி பாம்பேயின் ஃபாசி திட்டம் சைலேப்புக்கும், இசிம் என்ற சர்க்யூட் சிமுலேஷன் மென்பொருளுக்கும் நிறைய பாடம் போட்டு வைச்சிருக்காங்க. அதே ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியலில் தமிழ்க் குரலிலேயே வீடியோ கிடைக்கும். ஆனா கெயில் மைக்ரோவிஷன் விண்டோஸ் மட்டும்தான். மைக்ரோகன்ட்ரோலர் லேப் ரெக்கார்டுக்கு நான் காலேஜ் மெஷினைத்தான் பயன்படுத்துறேன்.

மெக்கானிக்கல், சிவில்: இங்கேதான் உதைக்கும். ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ், ஸ்டாட் ப்ரோ லினக்ஸுக்கு இல்லை. ஃப்ரீகேட் நல்ல மென்பொருள், கற்றுக்கொள்ளத் தகுந்தது. ஆனா சிலபஸும் இன்டர்வியூவும் ஆட்டோகேட் கேட்கும்போது "எனக்கு ஃப்ரீகேட் தெரியும்" என்று சொல்லி வேலை வாங்க முடியாது. உங்களுக்கு என் யோசனை: ரெண்டையும் வைச்சுக்கோங்க. படிக்க, எழுத, பிரவுஸ் பண்ண லினக்ஸ், டிராயிங்குக்கு விண்டோஸ்.

கேமர்களே: 2018-ல் வால்வ் நிறுவனம் ப்ரோட்டான் கொண்டு வந்ததில் இருந்து ஸ்டீமில் உள்ள ஏராளமான விண்டோஸ் கேம்கள் லினக்ஸில் ஓடுது. ஆனா வேலரன்ட் ஓடாது. அதன் ஆன்ட்டி-சீட் விடாது. வேலரன்ட் இல்லாமல் வாழ முடியாது என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிடலாம், எனக்கு வருத்தம் இல்லை.

தமிழ் எப்படி?

இந்த இதழில் எழுதுறதால் இதைச் சொல்லியே ஆகணும். லினக்ஸில் தமிழ் டைப் பண்ண வெளியில் இருந்து எதையும் தேடி இறக்க வேண்டியதில்லை. ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையும் அதோடு எம்17என் தொகுப்பும் போட்டால் தமிழ்99, ஃபொனெட்டிக், பழைய டைப்ரைட்டர் எல்லாம் கிடைக்கும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் அறிவித்த விசைப்பலகை தமிழ்99. உயிர் இடது கை, மெய் வலது கை. பத்து நாள் பழகினால் தங்கிலீஷில் அடிப்பதை விட வேகம் வரும். நான் பழகினது லினக்ஸுக்கு வந்த பிறகுதான்.

ஒரு குறை சொல்லணும். பழைய டிடிபி கடைகளில் பாமினி மாதிரி எழுத்துருவில் அடிச்ச கோப்பு வந்தால், அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். இது லினக்ஸ் குற்றம் இல்லை, யூனிகோடுக்கு முந்தைய காலத்து மிச்சம். புது விண்டோஸ் மெஷினிலும் அதே கதைதான். அதுக்கு யூனிகோடு மாற்றிகள் இருக்கு.

தறி மட்டும்தான் நம்மளது

ஒரு நாள் சாயங்காலம் அப்பா கேட்டார், "புது கம்ப்யூட்டர் வேணும்னியாமே, அம்மா சொன்னா. இப்ப வேணாமா?" நான் விஷயத்தைச் சொன்னேன். மெஷின் நல்லாத்தான் இருக்குப்பா, உள்ளே இருக்கிற சாஃப்ட்வேர்காரங்க இனிமே இதுக்குச் செய்ய மாட்டோம்னு சொல்லிட்டாங்க, அதான் வேற போட்டுக்கிட்டேன்.

அப்பா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னார்: "நம்ம கதை மாதிரிதான். தறி மட்டும்தான் நம்மளது."

வெளியூர் நண்பர்களுக்கு இதை விளக்கணும். காஞ்சிபுரத்தில் கூலிக்கு நெய்யும் வீடுகளில் தறி நெசவாளியுடையது. பட்டு, ஜரிகை, டிசைன் எல்லாம் முதலாளி அல்லது சொசைட்டி கொடுப்பது. ஜக்கார்டு பெட்டியில் ஏறும் அட்டையில் எங்கே ஓட்டை இருக்கோ அதுதான் புடவையில் மயிலாகவோ மாங்காயாகவோ விழும். அந்த அட்டை நம்மளது இல்லை. ஒரு மயிலின் கழுத்தை மாற்றணும் என்று நெசவாளிக்கு ஆசை வந்தாலும் மாற்ற முடியாது. கோர்வை போட்டு உடலையும் கரையையும் இணைக்கும் அவ்வளவு பெரிய வித்தை கையில் இருந்தும், எதை நெய்யணும் என்று முடிவு பண்ணுவது வேறொருத்தர்.

கம்ப்யூட்டர் வரலாறு படிச்சவங்களுக்குத் தெரியும், ஜக்கார்டின் அந்த ஓட்டை போட்ட அட்டையைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் அனலிட்டிகல் எஞ்சினுக்கு அட்டை யோசனையை எடுத்தார். முதல் மென்பொருள் தறியில் ஏறியது என்று சொன்னால் ரொம்பத் தப்பில்லை. எங்க வீட்டுக் கூடத்தில் தினமும் ஓடுறது அதோட தாத்தா.

லேப்டாப்பிலும் அதே கேள்விதான். காசு கொடுத்தது நான். ஆனா அது எப்போ சாகணும் என்று முடிவு பண்ணியது வேறொருத்தர். லினக்ஸில் அந்த முடிவு என் கைக்கு வருது. நான் கெர்னல் கோடைப் படிச்சு மாற்றப் போறேனா? இப்போதைக்கு இல்லை. ஆனா யாரோ ஒருத்தர் மாற்ற முடியும். ஒரு நிறுவனம் பழைய மெஷினைக் கைவிட்டால், அதே மெஷினை வைத்திருக்கிற நாலு பேர் சேர்ந்து அதை ஓட வைக்க முடியும், ஏன்னா அட்டை எல்லார் கையிலும் இருக்கு. 1991 ஆகஸ்ட் 25 அன்று லினஸ் டோர்வால்ட்ஸ் தன் ஓஎஸ் பற்றி முதல் அறிவிப்பு போட்டப்போ அவர் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படிச்சுக்கிட்டு இருந்த 21 வயசு மாணவர். நம்ம வயசு. பொழுதுபோக்குக்குச் செய்யறேன், பெரிசா ஒன்றும் இருக்காது என்ற தொனியில்தான் அதைச் சொன்னார்.

"ஆனாலும்..." என்று ஆரம்பிக்கிறவங்களுக்கு

"கிராக் பண்ணின விண்டோஸ் இருக்கும்போது எதுக்கு இவ்வளவு சிரமம்?" போன செமஸ்டரில் எங்க வகுப்பு நண்பன் ஒருத்தன் ஆக்டிவேட்டர் என்று ஏதோ ஒன்றை இறக்கி ஓட்டினான். அடுத்த நாள் எல்லாக் கோப்புக்கும் பின்னாடி விநோதமான எழுத்து சேர்ந்திருந்தது, திறக்கவே இல்லை. ப்ராஜெக்ட், ரெக்கார்டு, அவன் தங்கச்சி கல்யாணப் போட்டோ எல்லாம் போச்சு. இலவசம் என்று நினைச்சதுக்கு அவன் கொடுத்த விலை அது. உண்மையிலேயே இலவசமானது பக்கத்தில் இருக்கும்போது திருட்டுச் சாவி எதுக்கு?

"விண்டோஸுக்குள்ளேயே டபிள்யூஎஸ்எல் இருக்கே?" இருக்கு, நல்லாவும் இருக்கு. புது லேப்டாப் வைத்திருக்கிறவங்க அதை வைச்சே கமாண்ட் லைன் பழகலாம். ஆனா என் பிரச்சினை கமாண்ட் லைன் இல்லை, மெஷின். கைவிடப்பட்ட விண்டோஸ் 10-க்குள் டபிள்யூஎஸ்எல் வைச்சாலும் வெளியே இருப்பது கைவிடப்பட்ட விண்டோஸ்தான். கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு பண்ணினவங்களுக்கும் 2026 அக்டோபர் 13 வரைதான் காலம்.

"ஜெர்மனியில் முனிச் நகராட்சியே லினக்ஸுக்குப் போய்த் திரும்பி வந்துட்டாங்களே?" நல்ல கேள்வி. 2003-ல் முடிவெடுத்து, பத்து வருஷத்தில் கிட்டத்தட்ட 15,000 கம்ப்யூட்டரை மாற்றினாங்க. 2017-ல் திரும்ப விண்டோஸுக்குப் போக வாக்களித்தாங்க. மறைக்க ஒன்றும் இல்லை. நான் அதில் படிக்கும் பாடம், அரசியல் ஆதரவும் பயிற்சியும் தொடர்ந்து இல்லைன்னா எவ்வளவு பெரிய மாற்றமும் சரியும். அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு 2024-ல் 30,000 கம்ப்யூட்டர்களை லிப்ரே ஆபீஸுக்கும் பிறகு லினக்ஸுக்கும் மாற்றுவதாக அறிவித்தது. ஆக, கதை முடியலை.

சரி, எப்படி ஆரம்பிக்கிறது?

நான் பட்ட அடியில் இருந்து ஒரு வரிசை:

1. முதலில் பேக்கப். எக்ஸ்டர்னல் டிஸ்க் இல்லைன்னா பென்டிரைவ், கூகுள் டிரைவ் எதுவானாலும் சரி. விண்டோஸில் பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கான்னு பாருங்க. இருந்தால் அதோட ரிகவரி கீயைக் காகிதத்தில் எழுதி வைங்க. இதைச் செய்யாமல் டிஸ்க்கைத் தொடாதீங்க.

2. ஒரு 8 ஜிபி பென்டிரைவ் போதும். மின்ட் அல்லது உபுண்டு ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, ரூஃபஸ் மூலம் பென்டிரைவில் எழுதுங்க. 4 ஜிபி ராம் உள்ள பழைய மெஷின் என்றால் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. அதாவது நம்ம டிகிரி முடியும் வரைக்கும் கவலை இல்லை.

3. உடனே இன்ஸ்டால் பண்ணாதீங்க. பென்டிரைவில் இருந்தே லைவாக ஓட்டிப் பாருங்க. வைஃபை, சவுண்ட், கேமரா, ப்ளூடூத், தூங்கி எழுவது எல்லாம் சோதிங்க. எதுவும் அழியாது. ஓடலைன்னா பென்டிரைவை எடுத்துட்டு ரீஸ்டார்ட், அவ்வளவுதான்.

4. திருப்தி ஆனதும் விண்டோஸ் பக்கத்திலேயே இன்ஸ்டால் பண்ணுங்க. ஆனா ஒரு விதி: பூட் மெனுவில் லினக்ஸ் தானாக முதலில் வரணும். விண்டோஸுக்குப் போகணும்னா நீங்க மெனக்கெடணும். எங்க அண்ணன்மார் லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் தோற்றதுக்குப் பழக்கமானது முன்னாடி நின்றதும் ஒரு காரணம்.

5. இன்ஸ்டால் முடிஞ்ச அன்றே டைம்ஷிஃப்ட்டில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைங்க. ஏதாவது கெடுத்தால் பழைய நிலைக்குப் போகலாம். கண்டிப்பாகக் கெடுப்பீங்க, அப்படித்தான் கத்துக்க முடியும்.

6. செமஸ்டர் தேர்வுக்கு முந்தின வாரம் மாறாதீங்க. லீவில் மாறுங்க.

7. தனியாக மாறாதீங்க.

அந்த ஏழாவதுக்கு நம்ம ஊரிலேயே வழி இருக்கு. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு என்று ஒன்று இருக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆன்லைனில் கூடி தமிழிலேயே பேசுறாங்க. நான் முதல் தடவை போனப்போ பயந்துக்கிட்டே மைக்கை மியூட்டில் போட்டு உட்கார்ந்திருந்தேன். வந்தவங்களில் பாதிப்பேர் வேலை பார்க்கிறவங்க, ஆனா "இது கூடத் தெரியாதா" என்று ஒருத்தரும் கேட்கலை. சென்னையில் ஐஎல்யூஜிசி 1998-ல் இருந்து இயங்குது. படிக்கணும் என்றால் கணியம் இணைய இதழும் அவங்களோட எளிய தமிழில் வரிசை மின்னூல்களும் இருக்கு. எல்லாம் இலவசம், பகிரவும் செய்யலாம்.

காலேஜுக்கு ஒரு வேண்டுகோள்

நம்ம லேபிலும் விண்டோஸ் 10 மெஷின்கள் இருக்கு. அதில் பல விண்டோஸ் 11-க்குப் போகாது. அதையெல்லாம் ஸ்கிராப்புக்கு அனுப்பும் முன்னாடி ஒரே ஒரு லேபை லினக்ஸுக்கு மாற்றிப் பார்க்கலாம். சி, பைத்தான், நெட்வொர்க்ஸ் லேப்புக்கு அது தாராளமாகப் போதும். இன்ஸ்டால் பண்ண ஏஜென்சி வேண்டாம், நாங்க பண்ணித் தர்றோம். அதை விட முக்கியமானது, முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு சனிக்கிழமை. பென்டிரைவும் லேப்டாப்பும் கொண்டு வரட்டும், சீனியர்கள் பக்கத்தில் உட்காரட்டும். 2011-ல் லேப்டாப் கொடுத்தப்போ விட்டுப்போன பாதி வேலை இதுதான்.

எங்க வீட்டில் ஒரு சின்ன சனிக்கிழமை நடந்து முடிஞ்சுது. பீரோ மேல தூங்கிய அக்காவின் அரசு லேப்டாப்பை இறக்கி, தூசி தட்டி, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டேன். பேட்டரி செத்துப்போச்சு, சார்ஜரைக் கழற்றினால் அணைஞ்சிடும். ஆனா பதினொன்றாவது படிக்கிற தங்கச்சி அதில் பைத்தான் எழுதுறா. நேத்து ராத்திரி என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, இதுல டெர்மினல் கலரை மாத்தலாமா?" என்று கேட்டா.

"உன்னோடதுதானே, மாத்திக்கோ" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பேன். செவிலிமேடு, பெரிய காஞ்சிபுரம் பக்கம் இருக்கிறவங்க லேப்டாப்பும் ஒரு காலி பென்டிரைவும் எடுத்துக்கிட்டு வாங்க. தறிச் சத்தம் கொஞ்சம் இருக்கும், பரவாயில்லைன்னா உட்கார்ந்து போட்டுடலாம்.

- மூன்றாம் ஆண்டு ஈசிஇ மாணவன், செவிலிமேடு